இருந்துட்டு ஏசுங்க என்று சொன்ன சுலைஹா மிஸ்ஸி

செய்தி வந்தபோது நான் நூலகத்தில் அன்றைய பத்திரிகைகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் காசிம் மாமா, சுலைஹா மிஸ்ஸியின் மூத்த சகோதரர். "மகள், தங்கச்சி மவுத்தாயிட்டா. பள்ளியில சொல்லப் போறாங்க. நீங்க பேஜ்ல போட்டுடுங்க. அஸர் தொழுகையோட அடக்கம்," என்றார். ஆறு கிழமையாக எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் கையில் இருந்த பத்திரிகையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஒரு மரணம் இரண்டு முறை அறிவிக்கப்படும். முதலில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், பிறகு ஊரின் முகநூல் பக்கத்தில். கல்முனைக் கரையோரத்தில் பாதி வீடுகளுக்கு ஒரு பிள்ளையாவது கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறது. மையித்தை அன்றன்றே அடக்குவது எங்கள் முறை. தூரத்தில் இருப்பவர்கள் வந்து சேர முடியாது. அவர்களுக்கு அந்த அறிவித்தலும் அதன் கீழே ஊரார் பிரார்த்தித்து எழுதும் துஆக்களும்தான் மரண வீடு. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் மூவரில் நானும் ஒருத்தி.

அறிவித்தலை எழுதினேன். பெயர், மறைந்த கணவரின் பெயர், மகள் றுக்ஷானாவின் பெயர், அடக்கும் நேரம். முப்பது வருடம் குடும்பநல மருத்துவிச்சியாக, ஊர் வழக்கில் மிஸ்ஸியாக, இருந்தவர், நம் உள்ளூராட்சிச் சபையின் முன்னாள் உறுப்பினர் என்றும் சேர்த்தேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். அவருடைய படத்தைப் போட்டேன். எங்கள் பக்கங்களில் பெண்களின் ஜனாஸா அறிவித்தலுக்குப் படம் போடுவதில்லை. அதற்கென்று ஒரு ரோசாப்பூப் படம் வைத்திருக்கிறோம். அது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் மிஸ்ஸிக்கு ரோசாப்பூவைப் போட எனக்குக் கை வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

பெண் வேட்பாளர்கள் கட்டாயம் என்று சட்டம் வந்தபின் கட்சிகள் வீடு வீடாகப் பெண்களைத் தேடிய காலம் அது. ஓய்வுபெற்று வீட்டில் இருந்த மிஸ்ஸியையும் கேட்டார்கள். அவர் சம்மதித்தார். துண்டுப்பிரசுரத்தின் எழுத்துப் பிழைகளைத் திருத்த என்னை அழைத்திருந்தார்கள். மிஸ்ஸியின் முற்றத்தில் கட்சிக்காரர் ஒருவர் மெதுவாகத் தொடங்கினார்.

"மிஸ்ஸி, போஸ்டர்ல ஒங்கட படத்துக்குப் பதிலா ஒரு ரோசாப்பூ போடுவமா? எல்லா ஊர்லயும் அப்படித்தான் செய்றாங்க. மரியாதையா இரிக்கும்."

"ஆருக்கு மரியாதை?"

"எல்லாருக்கும்தான்."

"தம்பி, ஒண்ட உம்மாக்கு நீ கிடைச்ச நேரம் பக்கத்துல நிண்டது நான்தான். இந்த மொகத்தோடதான் நிண்டன். ரோசாப்பூவாவா நிண்டன்?"

"அப்ப நான் கண்ண மூடிட்டு இருந்திருப்பன் மிஸ்ஸி," என்று அவர் சமாளித்தார்.

"இல்ல, கத்திட்டு இருந்தாய். இப்பயும் அதத்தான் செய்றாய். அந்தக் கதிரைல இருந்துட்டுக் கத்து, கால் நோகும்."

எல்லாரும் சிரித்தோம். சுவரொட்டியில் அவருடைய முகமே வந்தது. மூக்குக் கண்ணாடி, வெள்ளை முக்காடு, போட்டோவுக்காகச் சிரிக்கத் தெரியாத வாய். அவர் வென்றார்.

அந்தக் கதிரையைப் பற்றியும் சொல்லவேண்டும். நீல நிறப் பிளாஸ்டிக் கதிரை. ஒரு கை வெடித்து, கம்பியால் கட்டியிருக்கும். மருத்துவிச்சியாக இருந்த காலத்தில் வீட்டுக்குத் தேடிவரும் கர்ப்பிணிகளுக்காக முற்றத்தில் போட்டது. அவர் நின்றுகொண்டு பேசுவார், வந்தவர் இருக்கவேண்டும். சபை உறுப்பினரான பிறகு அதே கதிரையில் வேறு ஆட்கள் வந்து இருந்தார்கள். வடிகான் மூடி உடைந்தவர், தெருவிளக்கு எரியாதவர், காரணமே இல்லாமல் கோபத்தோடு வந்தவர். கோபத்தோடு வருகிறவர்களிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "இருந்துட்டு ஏசுங்க." உட்கார்ந்த பிறகு மனிதருக்குக் குரல் ஒரு படி இறங்கிவிடும் என்பது அவருடைய அனுபவம்.

அவரை ஊரின் வாயில் தூக்கிப் போட்டது ஒரு வாக்கு. தாய் சேய் கிளினிக் ஒன்று கட்ட அனுமதி வந்தது. எங்கள் ஊரின் புதிய குடியிருப்புக்குள் கட்டுவதா, பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஓடும் எல்லை வீதியில் கட்டுவதா என்று சபையில் வாக்கெடுத்தார்கள். மிஸ்ஸி தன் கட்சியை மீறி எல்லை வீதிக்குக் கை உயர்த்தினார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. அந்த முடிவை விமர்சிக்க நியாயமும் இருந்தது. புதிய குடியிருப்புப் பெண்கள் ஆட்டோ பிடித்துப் போகவேண்டியதாயிற்று. என் உம்மாவே கோபித்தார். மிஸ்ஸியும் பிடிவாதக்காரர், வாக்களிக்கும் முன் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. நான் கேட்டபோது, "கேட்டா மறுப்பாங்க எண்டு தெரியும்கா, அதான் கேக்கல்ல," என்றார். அது சரியான பதிலல்ல என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் முகநூலில் வந்தது விமர்சனம் அல்ல. துரோகி என்றார்கள். விற்றவள் என்றார்கள். கணவனை இழந்த பெண்ணைப் பற்றி எழுதக்கூடாத எல்லாவற்றையும் எழுதினார்கள். அவற்றை நீக்கிவிடவா என்று கேட்டேன். "வேணாம். ஆரெண்டு மட்டும் பாத்துச் சொல்லு," என்றார். எங்கள் ஊரில் அது கடினமல்ல. எழுதுகிறவனின் பெயர் பொய்யாக இருந்தாலும், யாருடைய கல்யாணப் படத்துக்கு இதயம் போட்டிருக்கிறான் என்று பார்த்தால் குடும்பம் பிடிபடும். முதலில் பிடிபட்டவர் சந்தியில் போன் கடை வைத்திருக்கும் ஜவாத். முப்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மிஸ்ஸி தன் பழைய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பிரசவம் பார்த்த காலத்தில் வீடு வீடாகப் போன அதே குடை. துணைக்கு நானும் போனேன்.

ஜவாதின் உம்மாவுக்கு விஷயம் எதுவும் தெரியாது. மிஸ்ஸியைக் கண்டதும் கையைப் பிடித்துக் கொஞ்சி, தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனார். ஜவாத் கதவோரம் நின்றார்.

"தம்பி, நீ எழுதினத்த வாசிச்சன்," என்றார் மிஸ்ஸி.

"எத மிஸ்ஸி?"

"நான் அவங்கட ஊர்ல காணி எடுத்திருக்கன் எண்டு எழுதினியே, அத. எந்தப் பக்கம் எண்டு சொன்னா நானும் போய்ப் பாப்பன்தானே."

"அல்லாவே, அது என்ட ஐடி இல்ல மிஸ்ஸி. ஹேக் பண்ணிட்டாங்க."

"அப்படியா? நீதானே ஊர்ல எல்லார்ர போனையும் திருத்துற. ஒண்டயே ஹேக் பண்ணிட்டாங்களா?"

ஜவாத் தலையைச் சொறிந்தார். உள்ளே கோப்பைகள் சத்தமிட்டன. மிஸ்ஸி குரலைத் தாழ்த்தினார். "சரி. ஹேக் பண்ணினவனக் கண்டா சொல்லு. எண்ட வீடு அவனுக்குத் தெரியும். வாசல்ல கதிரை கிடக்கு. வந்து இருந்துட்டு ஏசச் சொல்லு. மொகத்தப் பாத்துட்டு ஏசினா பாதிதான் வரும்."

தேத்தண்ணி வந்தது. மிஸ்ஸி அந்த உம்மாவிடம் மகனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று மட்டும் கேட்டார். மாலையில் அந்தப் பதிவு காணாமல் போயிருந்தது.

இப்படி நான் அறிய ஏழெட்டு வீடுகளுக்குப் போனார். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் படலையைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில், "மிரட்ட வந்தீங்களா?" என்று கேட்டார்கள்.

கடைசி ஆறு கிழமையும் அவர் படுக்கையில் இருந்தார். பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போயிற்று. ஒரே மகள், எனக்கு அக்கா முறையான றுக்ஷானா ராத்தா, டோஹாவில் எட்டு மாதக் கர்ப்பிணி. விமானம் ஏற வைத்தியர்கள் விடவில்லை. வீடியோ அழைப்பில் மகளின் முகத்தைக் கண்டால் மிஸ்ஸியின் வாயிலிருந்து வரும் ஒரே சொல், "தண்ணி." தனக்குக் கேட்கிறார் என்று முதலில் கரண்டியால் ஊட்டினோம். அவர் தலையை அசைத்து போனைக் காட்டினார். பிள்ளைத்தாய்ச்சி நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று அவர் முப்பது வருடம் ஊருக்குச் சொன்ன புத்தி அது.

அவருடைய உடம்பைத் துடைத்து உடை மாற்ற ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் சரோஜா அக்கா வருவார். எல்லை வீதிக்கு அப்பால் உள்ள கிராமத்தவர். வைத்தியசாலை வார்டில் பணியாளாக இருந்தவர். அவருடைய மூன்று பிள்ளைகளும் மிஸ்ஸி கையில் பிறந்தவர்கள். காசிம் மாமாவின் மனைவிக்கு இடுப்பில் நாரி வருத்தம், தூக்க முடியாது. சரோஜா அக்கா தானாகவே வந்தார். இது வெளியே தெரிந்தால் கிளினிக் கதையை மறுபடி கிளறுவார்கள், அந்தப் பெண்ணுக்குக் கஷ்டம் என்று மாமா எங்களிடம் சொல்லியிருந்தார். அறைக்குள் போய் வந்த ஏழு பேருக்குத்தான் அது தெரியும். ஏழு பேரும் மிஸ்ஸிக்கு வேண்டியவர்கள்.

இனி அந்த நாள்.

அறிவித்தல் போட்ட முதல் ஒரு மணிநேரம் துஆக்கள் மழையாகக் கொட்டின. ஒவ்வொன்றின் கீழும் றுக்ஷானா ராத்தா "ஆமீன்" என்று எழுதிக்கொண்டே வந்தார். பிறகு ஒருவர் கேட்டார்: பெண்ணின் படத்தைப் போடலாமா? அடுத்தவர் எழுதினார்: படம் இருக்கும்வரை மையித்துக்குப் பாவம் எழுதப்படும். அதற்கு ஒருவர் பதில், அதற்கு ஒரு பதில். நான்காவது பதிலில் கிளினிக் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சரோஜா அக்கா எழுதினார்: "எங்கட மிஸ்ஸி போயிட்டா. என்ட மூண்டு பிள்ளையையும் உலகத்துக்குக் கொண்டு வந்தவ." அதன் கீழே ஒருவர்: "இவ ஆர்ர மிஸ்ஸி எண்டு இப்பயாவது விளங்குதா?" அந்தக் கிராமத்து இளைஞர்கள் பதிலுக்கு எங்கள் மார்க்கத்தை ஏசினார்கள். எங்கள் ஆட்கள் அவர்களுடைய கோயிலை ஏசினார்கள். இன்னும் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றாத ஒரு மையித்தின் பெயருக்குக் கீழே இவ்வளவும் நடந்தன.

மதியம் லுஹர் தொழுகை நேரம் நான் படத்தை எடுத்தேன். அந்த இடத்தில் ரோசாப்பூவைப் போட்டேன். வெறும் இடமாக விட்டிருக்கலாம். அவசரத்தில் எப்போதும் போடுவதையே போட்டேன். உயிரோடு இருந்தவரை யாரும் அவருக்குச் செய்ய முடியாததை, மவுத்தான அன்று என் கையால் செய்தேன்.

படம் போனபிறகும் ஏச்சு நிற்கவில்லை. றுக்ஷானா ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். "ராத்தா, கமெண்ட மூடிடவா?"

"வேணாம் புள்ள. துஆவும் வந்துட்டுத்தானே இரிக்கி. மோசமானதுகள நான் பாக்கல்ல, தள்ளித் தள்ளிப் போறன். துஆக்கு மட்டும் ஆமீன் போடுறன். உம்மாட மவுத்துக்கு எனக்குச் செய்ய வேற என்ன கிடக்கு?"

மற்ற இரு பொறுப்பாளர்களும் அதையே சொன்னார்கள்: ஒரு ஜனாஸாவுக்கு வரும் துஆவை நாம் எப்படி மூடுவது? நானும் மூடவில்லை. துஆவுக்குக் கதவடைப்பது பெரிய பிழை என்று நம்பினேன்.

அஸருக்குப் பிறகு பள்ளியில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் காசிம் மாமா எழுந்து நின்றார். ஜனாஸா வீட்டில் பெண்கள் நாங்கள் ஒரு போனைச் சுற்றியிருந்து நேரலையில் கேட்டோம். "எண்ட தங்கச்சி ஆருக்காவது மனம் நோகக் கதைச்சிருந்தா, அல்லாக்காகப் பொருந்திக்கங்க," என்றார். "பொருந்திக்கிட்டம்," என்று பள்ளி முழுக்கச் சத்தம் வந்தது. மையித்துக்காக உயிரோடு இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்க எங்களுக்கு வழக்கம் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் மையித்திடம் மன்னிப்புக் கேட்க ஒரு வழக்கம் இல்லை. அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

அந்தி மஃரிபுக்குச் சற்று முன் றுக்ஷானா ராத்தாவின் அழைப்பு வந்தது. அழவில்லை. "புள்ள, நான் என்னத்துக்கு ஆமீன் சொல்லியிரிக்கன் எண்டு பாரு," என்றார்.

எழுதியவரின் பெயருக்குப் பதில் "உண்மை விரும்பி" என்றிருந்தது. நீண்ட கருத்து. முதல் இரண்டு வரிகளும் அழகான துஆ: அல்லாஹ் அன்னாரின் பாவங்களை மன்னித்துக் கப்றை விசாலமாக்குவானாக. அதற்குக் கீழுள்ளது மடிந்து கிடந்தது. "மேலும் பார்க்க" என்பதை அழுத்தினால்தான் விரியும். நூற்றுக்கணக்கான துஆக்களுக்கு நடுவில் ராத்தா அதை அழுத்தவில்லை. நான் அழுத்தினேன். "கடைசியில் இவவத் துடைச்சுக் கழுவ சொந்த ஊர்ல ஒரு ஆள் இல்ல. எல்லைக்கு அங்கால இருந்து ஒருத்தி ஒண்டவிட்ட நாள் வந்து கழுவிட்டுப் போனாள். பெத்த மகளும் திரும்பிப் பாக்கல்ல. ஊருக்குச் செய்த துரோகத்துக்கு இதுதான் கூலி." அதன் கீழே மகளின் "ஆமீன்." அந்த ஆமீனுக்குக் கீழே சிரிக்கும் முகங்கள், வரிசையாக. "மகளே சொல்லிட்டா, இனி என்ன?" என்று ஒருவர். அந்தச் சிரிப்பைப் போட்ட பெயர்கள் பொய்ப் பெயர்கள் அல்ல. கொஞ்ச நேரத்துக்கு முன் பள்ளியில் தொழுகை வரிசையில், ஸஃப்பில் நின்றவர்கள்.

அறிவித்தலை முழுதாக நீக்கினேன். ஏச்சோடு துஆக்களும் போயின, ராத்தாவின் அத்தனை ஆமீனும் போயின. காலையில் செய்யவேண்டியதை மாலையில் செய்தேன்.

மறுநாள் ஜவாத் நூலகத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் கண்டதில்லை. "தங்கச்சி, எல்லாரும் என்னத்தான் பாக்காங்க. சத்தியமா அது நான் இல்ல. முந்தி ஹேக் எண்டு சொன்னது பொய். இது மெய். மிஸ்ஸி எங்கட வீட்டுல தேத்தண்ணி குடிச்ச மனிசி," என்றார். நான் நம்பினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது ஜவாதுக்குத் தெரிய வழியில்லை. அவர் அந்த அறைக்குள் போனதே இல்லை.

மூன்றாம் நாள் சரோஜா அக்கா மரண வீட்டுக்கு வந்தார். படலைக்கு வெளியிலேயே நின்றார். "உள்ள வாங்கக்கா," என்றேன். "வேணாம் தங்கச்சி. நான் வந்ததாலதானே அவவுக்கு இந்தப் பேச்சு. மகளிட்டச் சொல்லுங்க, நான் ஒண்டையும் எதிர்பாத்து வரல்ல எண்டு," என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் பின்னால் ஓடிப்போய்ப் பேசியிருக்கவேண்டும். நின்ற இடத்திலேயே நின்றேன்.

றுக்ஷானா ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. அவருடைய சம்மதத்தோடுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். பிள்ளையை ஒரு தரம் கொண்டுவந்து காட்டும்படி காசிம் மாமா கேட்டார். "ஆருக்குக் காட்ட மாமா?" என்று கேட்டாராம். வீட்டைப் பூட்டித் திறப்பை மாமாவையே வைத்திருக்கச் சொல்லிவிட்டார். ஊரின் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவரின் பேரப்பிள்ளை இந்த ஊரைப் பார்க்கப் போவதில்லை.

மிஸ்ஸியை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடதாசியில் அச்சிட்டு நூலகத்திலும் எல்லை வீதிக் கிளினிக்கிலும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி. மற்ற ஆறு பேரும் இதை வாசிப்பார்கள். அந்தக் கருத்தை எழுதியவர் ஒன்று அவர்களில் ஒருவர், அல்லது அவர்களில் ஒருவர் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதைக் கேட்டவர். யாரென்று நான் தேடவில்லை. தேடாமலும் இருக்க முடியவில்லை. வீதியில் ஸலாம் சொல்கிறவருக்குப் பதில் சொல்லும்போதே, நீங்களா என்று மனம் கேட்கிறது. என் உம்மாவிடம் நான் இதைச் சொன்னேனா என்று என்னையும் கேட்கிறது. மிஸ்ஸி இருந்தால் இதற்குள் குடையை எடுத்திருப்பார். எந்தப் படலைக்குப் போவதென்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டைப் பூட்டிய அன்று மாமா என்னிடம் கேட்டார், ஞாபகத்துக்கு ஏதும் வேண்டுமா என்று. நான் அந்த நீலக் கதிரையைக் கேட்டு வாங்கினேன். எங்கள் வாசலில் போட்டிருக்கிறேன். வெடித்த கையில் கம்பி அப்படியே இருக்கிறது. எழுதியவரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். சரோஜா அக்காவைப் பற்றியும், மிஸ்ஸியைப் பற்றியும், படம் போட்ட என்னைப் பற்றியும் மிச்சம் ஏதும் இருந்தால் வாருங்கள். இருந்துகொண்டு ஏசுங்கள். நான் நின்று கேட்பேன்.

இன்றுவரை அதில் யாரும் வந்து இருக்கவில்லை. காலையில் ஒரு தரம் துடைத்து வைக்கிறேன்.